பாதியில் உறங்கிய படம்



சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து நான் வெளியே வந்தபோது, பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு குறையைச் சொன்னார். பத்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகன், நள்ளிரவு கடந்தும் போர்வைக்குள் கைப்பேசியை ஒளித்து வைத்துக்கொண்டு திரைப்படம் பார்க்கிறானாம். "ஃபாதர், நீங்க பத்திரிகையில எழுதுறீங்களே, இதைக் கண்டிச்சு நாலு வார்த்தை எழுதக்கூடாதா?" என்றார். எழுதுகிறேன் என்று வாக்களித்துவிட்டு அறைக்கு வந்து தாளை எடுத்தேன். கண்டிக்கும் முதல் வரியை எழுதுவதற்கு முன்னரே, பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றும், அதன் கோடியில் ஒரு வீட்டுக் கூடமும், அங்கே வெளிறிய ஒளியில் விழித்திருந்த இரு சிறுவர்களும் என் கண்முன் வந்து நின்றனர். அவர்களுள் ஒருவன் நான். ஆதலால் அத்தாயார் என்னைப் பொறுத்தருள வேண்டும். அவர் கேட்டது இம்மாதம் இப்பகுதியில் இராது.

காஞ்சிபுரத்தின் மேற்கே, கைலாசநாதர் கோவிலுக்குப் போகும் வழியில் இருப்பது பிள்ளையார்பாளையம். அக்காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு தறி. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை விரித்து நீட்டியிருப்பார்கள். பள்ளிக்குப் போகும் நாங்கள் அதன் மேல் கால் படாமல் சுவரோரமாக ஒதுங்கிச் செல்வோம். என் தந்தையார் அஞ்சலகத்தில் எழுத்தர். நெசவாளர் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த ஒரே கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. பக்கத்து வீட்டில் கூலிக்கு நெய்யும் நெசவாளர் ஒருவர் இருந்தார். அவருடைய மகன் என் வயதினன், என் வகுப்பினன்.

கோர்வைச் சேலை நெய்வதைக் கண்டிராத வாசகர்களுக்கு இங்கே ஒரு சொல். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் கை அதற்குப் போதாது. ஆதலால் நெசவாளரின் பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து, தன் பக்கத்துக் கரைக்கு நாடா எறிந்து, உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும்படி ஒவ்வோர் இழைக்கும் செய்து தர வேண்டும். அந்தத் துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. என் நண்பன் பள்ளிக்கு வருமுன் இரண்டு மணி நேரமும், பள்ளி விட்டபின் இருட்டும் வரையும் தந்தையாரின் பக்கத்தில் அமர்ந்து கரை கோர்த்தான். அவனுடைய வீட்டுப் பாடங்களை நான் எழுதிக் கொடுத்த நாட்கள் உண்டு. கையெழுத்து மாறியதை ஆசிரியர் கண்டுகொள்ளாமல் விட்ட நாட்களும் உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. எங்கள் தெருவுக்கு முதல் பெட்டி வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. எங்கள் தெருவுக்கு நெசவு கொடுத்துவந்த முதலாளியின் வீட்டில் அது வந்து இறங்கியது. இருபக்கமும் இழுத்து மூடும் கதவு வைத்த மரப்பெட்டி. அந்நாளில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டும். எனவே தெருவினர் அறியுமுன்பே என் தந்தையார் அறிந்திருந்தார், அறிந்தும் வீட்டில் மூச்சு விடவில்லை. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவிலிருந்து வரும் ஒளிபரப்பைப் பிடிக்க மாடியின் மேல் நீண்ட இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டியிருந்தனர். காகம் அமர்ந்தால் படம் நெளியும். காற்றடித்தால் திரையில் வெள்ளை மணல் கொட்டும். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், விடு" என்று கூவ, கூடத்தில் உள்ளோர் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்வர். எல்லாம் சரியாயிற்று என்று அமர்ந்தால், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்னும் அட்டை வந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிறு மாலையில் தமிழ்ப் படம். அவ்விரு பொழுதுகளிலும் தறிகள் ஓய்ந்துவிடும். திரையரங்குகளில் ஓடும் புதுப்படங்களைத் தொலைக்காட்சிக்குத் தரமாட்டார்கள் ஆதலால், எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பழைய படங்களே. தெருவினர் அதற்காக முணுமுணுத்தனர். எனக்கும் நண்பனுக்கும் அதுவே பெரும் பேறாயிற்று. 'அந்த நாள்' படத்தை நாங்கள் கண்டது அந்தக் கூடத்தில்தான். ஏவி.எம். நிறுவனத்துக்காக எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த படம். ஒரு பாட்டும் கிடையாது. கொலையுண்டவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பாட்டு இல்லாத படம் ஒரு படமா என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டனர். கொலையாளி யார் என்று நாங்கள் இருவரும் விரல்நகத்தைக் கடித்துக்கொண்டு கடைசிவரை இருந்தோம்.

1982இல் தேசிய ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, இரவு நேரம் டில்லிக்குரியதாயிற்று. இந்திச் செய்தி தொடங்கியதும் தெருவே எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கலைந்துவிடும். 'வேலைக்காரி' எழுதிய அண்ணாவின் ஊரல்லவா எங்களுடையது! இந்திக்கு அங்கே யார் உட்காருவார்? ஆனால் நள்ளிரவை நெருங்கும் வேளைகளில் அதே டில்லி நிலையம் சில நாட்களில் பழைய இந்திப் படங்களை ஒளிபரப்பியது. தேர்தல் முடிவுகள் வந்த இரவுகளிலோ, முடிவுகளுக்கிடையே படம், படத்துக்கிடையே முடிவுகள் என்று விடிய விடிய ஓடும். இவற்றைப் பார்ப்பதற்கு அந்தக் கூடத்தில் எஞ்சியவர்கள் மூவரே: நான், என் நண்பன், முதலாளியின் தாயார்.

அம்முதாட்டியைத் தெருவே 'ஆயா' என்று அழைத்தது. உறக்கம் வராத வயது. பெட்டியை அணைக்க மகன் எழுந்தால், "இருக்கட்டும்டா, நீ போய்ப் படு" என்பார். வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. டூரிங் கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்து படம் பார்த்தவர் அவர். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதைத் தம் வீட்டுத் திருமணத்தைச் சொல்வதுபோல் சொல்வார். திருநீறு அணிந்த அந்தச் சைவ மூதாட்டிதான் எனக்கு 'ஞானசௌந்தரி'யின் கதையைச் சொன்னவர் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டுண்ட பெண்ணுக்குத் தேவமாதா மீண்டும் கைகளைத் தந்த கதை. ஒரே ஆண்டில், 1948இல், அக்கதையைச் சிட்டாடல் நிறுவனமும் ஜெமினியும் தனித்தனியே எடுத்தன. மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படமே வென்றது. ஜெமினி வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதில் மாதாவை நோக்கிய பாடல் ஒன்றைச் சிறுமிக்காக ஜிக்கி தொடங்க, அவள் வளர்ந்தபின் பி.ஏ. பெரியநாயகி தொடர்வார். ஆயா அதைப் பாடியே காட்டினார். மறுநாள் நான் என் அன்னையாரிடம் கேட்டேன், "உனக்கு இது தெரியாதா?" என்று அவரும் பாடினார். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே அப்படி ஒரு பாட்டு இருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். அன்றிரவு பிமல்ராயின் 'தோ பீகா ஜமீன்' வருகிறதென்று அறிவித்திருந்தார்கள். 1953இல் வந்த படம். அப்பெயர் எங்களுக்கு ஒன்றும் உணர்த்தவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு படம், அவ்வளவே. நண்பனின் வீட்டிலோ ஒரு கல்யாணச் சேலை தறியில் இருந்தது. நாள் குறித்துக் கொடுத்த வேலை. விடியற்காலை நான்கு மணிக்குத் தறியில் அமர வேண்டும் என்று அவன் தந்தையார் சொல்லியிருந்தார். அவன் வர மறுத்தான். நான்தான் வற்புறுத்தினேன். போதாததற்கு, நானே அவன் தந்தையாரிடம் சென்று, "மாமா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை. எங்க வீட்ல உட்கார்ந்து படிச்சிட்டு அங்கேயே சீக்கிரம் தூங்கிடுவான். நாலு மணிக்கு நான் எழுப்பி அனுப்புறேன்" என்றேன். பரீட்சை எதுவும் இல்லை. அவர் நெசவிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சரி தம்பி" என்றார்.

படத்தின் கதை இது. சம்பு என்னும் ஏழை உழவனுக்கு இரண்டு பீகா நிலம். அவ்விடத்தில் ஆலை கட்ட விரும்பும் ஜமீன்தார், பழைய கடனைக் கேட்கிறார். கடன் 65 ரூபாய் என்று எண்ணிச் சம்பு வீட்டிலுள்ளவற்றையெல்லாம் விற்றுக் கொண்டுவருகிறான். கணக்கேட்டிலோ அது 235 ரூபாயாக நிற்கிறது. மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அவன் கல்கத்தா சென்று கைரிக்சா இழுக்கிறான். சிறுவனான மகனும் சொல்லாமல் ரயிலேறி உடன் வந்துவிடுகிறான். நடைபாதையில் அமர்ந்து செருப்புக்கு மெருகிடுகிறான்.

எங்கள் மூவருக்கும் இந்தி தெரியாது. கணக்குப்பிள்ளை ஏட்டைப் புரட்டிய காட்சியில் ஆயா, "வட்டிக்கு வட்டி போட்டுட்டான் பாவி" என்றார். மொழி வேண்டியிருக்கவில்லை. அந்த ஏட்டைப் போன்ற ஓர் ஏடு அதே கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது என்பதை அப்போது நான் எண்ணவில்லை. என் நண்பனின் தந்தையார் வாங்கிய முன்பணமும் அதில்தான் எழுதப்பட்டிருந்தது. அப்பணம் தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்யக்கூடாது. தீருவதற்குள் வீட்டில் ஒரு நோயோ ஒரு சடங்கோ வந்து அது மேலும் வளரும். அந்நாளில் பட்டுத் தறிகளில் இருந்த வழக்கம் இதுவே. என் நண்பன் எண்ணினானா என்று தெரியாது. செருப்புக்கு மெருகிடும் சிறுவனை அவன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் திரும்பிப் பார்த்தபோது, தூணில் சாய்ந்து உறங்கிப்போயிருந்தான். மணி பன்னிரண்டைக் கடந்திருந்தது. நான் எழுப்பவில்லை. படம் முடியட்டும் என்றிருந்தேன்.

நான்கு மணிக்கு அவனை அனுப்பினேன். அரைத் தூக்கத்தில் தறியேறியவன், கோர்க்க வேண்டிய இழையைக் கோர்க்காமலே நாடாவை எறிந்திருக்கிறான். விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் தந்தையாரும் கவனிக்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குக் கரையும் உடலும் பற்றில்லாமல் நின்றன. நெய்தவற்றைப் பிரித்துப் பட்டை மீட்க முயன்றும் சரிகை கசங்கிப்போயிற்று. முதலாளி சேலையை ஏற்கவில்லை. இழப்பு முழுவதும் ஏட்டில் ஏறியது. அடுத்த மாதம் என் நண்பன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நாள் முழுதும் கரை கோர்த்தால்தான் கடன் இறங்கும் என்று முடிவாயிற்று.

அந்த ஒரு சேலையால்தான் அவன் படிப்பு நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். கடன் முன்பே இருந்தது, என்றைக்காவது நின்றிருக்கும். ஆயினும் நின்றது அந்த மாதத்தில்.

ஆயா அதற்குப்பின் இரவுப் படம் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கே பெட்டியின் மரக்கதவை இழுத்து மூடிவிடுவார். நான் வாசலில் நின்றால், "போய்ப் படுடா கண்ணு" என்பார். மகனிடம் அவர் ஏதேனும் பேசினாரா, பேசியும் பயன் இல்லாமற் போயிற்றா, நான் அறியேன்.

என் பொய்யை நான் அடுத்த சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மூன்று அருள்நிறை மந்திரங்கள் பரிகாரமாகக் கிடைத்தன. ஆனால் சொல்ல வேண்டிய மனிதரிடம் சொல்லவில்லை. பின்னர் தந்தையாருக்கு மாற்றலாயிற்று. நான் குருமடம் புகுந்தேன். குருமடத்துப் பொழுதுபோக்கு அறையிலும் ஒரு பெட்டி இருந்தது. ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிகளின் விருதுப் படங்களைத் தேசிய ஒளிபரப்பில் ஆங்கில வரிகளோடு காட்டுவார்கள். உண்ட மயக்கத்தில் தோழர்கள் உறங்க, நான் விழித்திருந்து சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைக் கண்டேன். அதில் கூன் விழுந்த பாட்டியாக வரும் சுனிபாலா தேவி, 1955இல் படம் வெளிவருமுன்னே இறந்துபோனாராம். அவர் திண்ணையில் அமர்ந்து தமக்குத்தாமே முணுமுணுத்தபோது, எனக்கு ஆயாவின் குரலே கேட்டது. 'தோ பீகா ஜமீனை'ப் பற்றிப் படித்தறிந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1952இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படத்தைக் கண்டு கிளர்ந்தே பிமல்ராய் இதை எடுத்தாராம். சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹனி, கல்கத்தாத் தெருக்களில் உண்மையாகவே ரிக்சா இழுத்துப் பழகினாராம். 1954இல் கான் விழாவில் அதற்குப் பரிசு கிடைத்தது. இவ்வளவும் அறிந்த நான், அப்படத்தை மறுபடி பார்க்க மட்டும் துணியவில்லை.

சென்ற ஆண்டு ஒரு திருமண அழைப்பின் பேரில் காஞ்சிபுரம் சென்றவன், பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே போனேன். தெருவில் பாவு இல்லை. பல வீடுகளில் தறிக்குழியை மூடிச் சிமெண்டுத் தரையும் ஓடும் பதித்துவிட்டார்கள். முதலாளியின் வீடு கைமாறி மூன்றடுக்காக நிற்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு தறியின் ஓசை கேட்டது. என் நண்பனே நெய்துகொண்டிருந்தான். அவனுடைய மனைவி பக்கத்தில் அமர்ந்து கரை கோர்த்தார். இரு பெண்மக்கள், ஒருத்தி செவிலியர் பணியில், மற்றவள் கல்லூரியில். இருவரையும் தறிப்பக்கம் வரவிட்டதில்லை என்றான். எதிர்ச் சுவரில் தட்டையான தொலைக்காட்சி ஒன்று ஓசையடக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பழைய படம். 'பொதிகை' என்ற பெயரையும் 2024இல் 'டிடி தமிழ்' என்று மாற்றிவிட்டார்களே, அது கூடப் பரவாயில்லை, இப்போது யாரும் ஆண்டெனாவைத் திருப்பக் கூப்பிடுவதில்லை என்று சிரித்தான். என்னை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா என்று அவனுக்கு இறுதிவரை முடிவாகவில்லை.

காப்பி வந்தது. குடித்துவிட்டு, நாற்பது ஆண்டுகளாக வைத்திருந்ததைச் சொன்னேன். பரீட்சை என்று சொன்னது பொய் என்றும், உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை என்றும், இப்போது அவரும் இல்லையே என்றும் சொன்னேன்.

அவன் நாடாவைக் கீழே வைத்தான். "அது அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும், ஃபாதர். பரீட்சைன்னா நான் புஸ்தகம் எடுத்துக்கிட்டு இல்ல போகணும்? கையை வீசிக்கிட்டுப் போனேன். 'போகட்டும், ஒரு நாள் பார்த்துட்டு வரட்டும்'னு அம்மாகிட்டச் சொன்னாராம்."

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவன் மனைவி அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து அவனே கேட்டான்:

"அந்தப் படம் முடிஞ்சது எப்படி? நான் தூங்கிட்டேனே. நிலம் கிடைச்சுதா அவனுக்கு?"

கிடைக்கவில்லை என்றேன். பணம் சேர்ந்த வேளையில் மனைவிக்கு விபத்து நேர்ந்து, சிகிச்சைக்கு எல்லாம் செலவாகிவிடுகிறது. அவர்கள் ஊர் திரும்பும்போது நிலம் ஏலம் போய், அங்கே ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று ஒரு பிடி மண்ணை எடுக்கிறான். காவலாளி அதட்டி, அதையும் கீழே போடச் செய்கிறான். மூவரும் நடந்து போகிறார்கள். அத்தோடு முடிந்தது.

அவன் தறியில் நின்றிருந்த சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செருப்புக்குப் பாலிஷ் போட்டானே அந்தப் பையன்," என்றான். "அவன் அப்புறம் பள்ளிக்கூடம் போனானா?"

படத்தில் அதைச் சொல்லவில்லை என்றேன்.